புகையே இல்லாத வேன்

வேன் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் நின்ற புகைப் பரிசோதனை அதிகாரி உலகநாதன் காதைப் பொத்திக்கொண்டார்.

"இவ்ளோ சத்தமா?"

"பக்கத்துல பிரஸ் ஷாப் சார். தகடு அடிக்கிறாங்க. அம்பத்தூர்ல இப்படித்தான்" என்று கத்தினார் டெஸ்டிங் இன்ஜினியர் கஜபதி.

கம்பெனியின் முதல் டீசல் வேன். புகை அறுபத்தைந்தைத் தாண்டினால் சான்றிதழ் கிடையாது. திங்கட்கிழமை உற்பத்தி லைன் நிற்கும், முதலில் வீட்டுக்குப் போவது நீதான் என்று முதலாளி காலையில் டீ ஆற்றியபடி கஜபதியிடம் சொல்லியிருந்தார்.

"எங்க மீட்டர் ரிப்பேர். உங்களுது ஒழுங்கா காட்டுமா?"

"புத்தம் புதுசு சார். நானே செட் பண்ணேன்."

கஜபதி மீட்டரின் குழாயைச் சைலன்சருக்குள் செருகிப் பொத்தானை அழுத்தினார். முள் எழுந்து இருபத்தெட்டில் நின்றது.

"ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லுங்க."

அது டெலிவரி வேன். பின்பக்கம் கண்ணாடி இல்லை. கஜபதி தகரத்தில் ஓங்கித் தட்டினார்.

"வேம்புலி! மிதி!"

இருபத்தெட்டு.

"இன்னும்!"

"அடி வரைக்கும் மிதிப்பா!"

இருபத்தெட்டு.

உலகநாதனின் புருவம் உயர்ந்தது. கைக்குட்டையை எடுத்துச் சைலன்சரின் வாயில் ஒரு நிமிடம் பிடித்தார். வெள்ளை மாறவில்லை. முகர்ந்தார். சலவை சோப்பு மணத்தது.

கஜபதியும் வாங்கி முகர்ந்தார். போன வாரம் இதே வேன் கக்கிய புகையில் கேன்டீன் சாம்பாரைக் கீழே கொட்ட வேண்டியிருந்தது. உண்மையிலேயே நல்ல வண்டி செய்துவிட்டோமோ என்று அவருக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது. கண் கலங்கியது.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு இன்ஜினைப் பாத்ததில்ல" என்றார் உலகநாதன். சான்றிதழை வேனின் முதுகில் வைத்துப் பேனாவைத் திறந்தார். "அந்த டிரைவரைக் கூப்பிடுங்க. கை குடுக்கணும். என்னா நிதானமா மிதிக்கிறார்!"

"வேம்புலி, இறங்கி வாப்பா! சார் கூப்பிடுறார்!"

"இதோ வந்துகினே கீறேன் சார்!"

குரல் வேனுக்குள்ளிருந்து வரவில்லை. கம்பெனி கேட்டைத் தாண்டி, சைக்கிளைத் தள்ளியபடி வேம்புலி ஓடி வந்தான். சட்டை முழுக்க வியர்வை.

"மன்னிச்சுக்க சார். திருமுல்லைவாயில்ல ரயில்வே கேட்டு போட்டுட்டான். நேத்து மறந்தாப்ல பாக்கெட்ல போட்டுகினு ஊட்டுக்குப் பூட்டேன்."

பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. மீட்டர் இருபத்தெட்டு காட்டிக்கொண்டிருந்தது.

வேம்புலி சாவியைத் தூக்கிக் காட்டினான்.

"இப்ப வண்டிய ஸ்டார்ட் பண்ணட்டா சார்?"