வேப்பிலை வாசல்

"உள்ள வராதீங்க மேடம், ஆத்தா வந்திருக்கா!"

பூங்கோதை வாசலை மறித்து நின்றாள். நிலைக்கு மேல் வாடாத வேப்பங்கொத்து தொங்கியது.

சுகாதாரக் கணக்கெடுப்புக்கு வந்த ஹம்சாவுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். காலையிலிருந்து டெல்லி வெயிலில், தமிழர்கள் குடியிருக்கும் இந்தச் சந்தில் வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டாள். "ஜுரமா? எங்க வீட்லயா?" என்று எல்லோரும் கையை விரித்தார்கள். தட்டம்மை இருப்பது உறுதியானால்தான் தடுப்பூசி முகாம் நாளை இங்கே வரும். இல்லையென்றால் வேறு பேட்டைக்குப் போய்விடும்.

"வேப்பிலை கட்டின வாசலாப் பாரு" என்று லோதி ரோடு வீட்டில் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"குழந்தைக்கு எப்பலேர்ந்து ஜுரம்?"

"அம்மை போட்ட வீட்ல அதெல்லாம் கேக்கக் கூடாது."

"அச்சா, கேக்கலை. தடிப்பை மட்டும் தூரத்திலேர்ந்து பாத்துக்கறேன். பாத்தாத்தான் இங்க ஊசி போட வருவா."

"நெசமாவே வருவாங்களா?"

ஹம்சா பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் வந்துவிட்டாள். இடுப்பில், கண் சிவந்து மூக்கொழுகும் பேத்தி.

"ஏண்டி பூங்கோதை, புள்ள மொகத்த எப்பத்தான் காட்டுவ?"

"தலைக்குத் தண்ணி ஊத்தினதும் கூப்புடறேன் சித்தி."

குஞ்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினாள். அவள் வீட்டு நிலையில் வெறும் நூல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஏதோ பண்டிகைத் தோரணத்தின் மிச்சம் போலிருக்கிறது என்று ஹம்சா நினைத்தாள்.

எதிர்க்கதவு சாத்திக்கொண்டதும் பூங்கோதை கேட்டாள்.

"நீங்க அம்மை ஊசி போட்டிருக்கீங்களா?"

"சின்ன வயசுல, ரெண்டு தடவை."

"அப்ப ஜல்தி வாங்க. மொதல்ல கையக் கழுவுங்க."

தூளியில், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் குழந்தை. ஹம்சா துணியை மெல்ல விலக்கினாள். நெற்றியிலிருந்து பாதம் வரை ஒரு புள்ளி இல்லை. உடம்பு சுடவும் இல்லை.

"அம்மை எங்கே?"

"இவளுக்கு ஒம்போது மாசம் ஆனாத்தான் ஊசியாமே? அதுவரைக்கும் கொஞ்ச வர்றவங்கள எப்படி நிறுத்தறது? வேப்பிலையப் பாத்தாத்தான் வாசலோட நிக்கறாங்க. ஆத்தாவும் தாய்தானே, கோவிச்சுக்க மாட்டா."

"அப்போ நிஜமா அம்மை யார் வீட்ல?"

பூங்கோதை குரலைத் தாழ்த்தினாள்.

"தெரிஞ்சா சாணக்யபுரி பங்களாவுல வேலைக்கு விடமாட்டாங்கன்னு, அம்மை வந்த வீட்டுக்காரங்க எல்லாரும் வேப்பிலையக் கழட்டிட்டாங்க மேடம். இந்தச் சந்துல வேப்பிலை இல்லாத வாசலாப் பாத்துப் போங்க."