புகை வராத வேன்

"ஊத்தீட்டயா மயிலு?"

"ஊத்தீட்டனுங்க."

"புகை ஏதும் வராதில்ல?"

"ஒரு வாரத்துக்கு வராதுங்க. அதுக்கப்புறம் நான் பொறுப்பில்லீங்க."

ஒரு வாரம் எதற்கு, ஒரு மணி நேரம் போதும் என்று சிரித்தார் அர்த்தநாரி. பனியன் கம்பெனி முதலாளி. தையல் பெண்களை ஏற்றி இறக்கிப் பதினாறு வருஷம் தேய்ந்துபோன வேனை இன்று தள்ளிவிடப் போகிறார்.

ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுங்கள் என்று மெக்கானிக் மயில்சாமி சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அடுத்த ஆயில் எப்போது என்று கண்ணாடி ஓரத்தில் அவர் எழுதி ஒட்டிய சீட்டைத் தாண்டி வண்டி முப்பதாயிரம் ஓடிவிட்டது. 'குறைஞ்சா ஊத்திக்க, எதுக்கு மாத்தோணும்?' என்பதுதான் முதலாளியின் சட்டம். உள்ளே ஆயில் தார் மாதிரி ஆகி, எஞ்சின் லொடலொடத்து, நீலப் புகை கக்கிக்கொண்டிருந்தது.

இன்று காலையில் ஒரு டப்பா கெட்டி மருந்து ஆயிலோடு கலந்தது. சத்தம் அடங்கிவிட்டது. புகையும் நின்றுவிட்டது. சீக்காளிக்குப் பவுடர் பூசி உட்கார வைத்த மாதிரி நின்றது வண்டி.

மயில்சாமிக்கு இதில் சம்மதமா என்றால், இல்லை. ஆனால் கம்பெனியின் மற்ற ஐந்து வேன்களும் அவர் பட்டறைக்குத்தான் வருகின்றன. அவை போனால் பட்டறையைப் பூட்டிவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் இன்னொருவரிடம் ஸ்பேனர் பிடிக்கப் போகவேண்டியதுதான்.

வாங்க வந்தவர் சகாயராஜ். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். மங்கலத்திலிருந்து பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போவது பிழைப்பு. வண்டியைச் சுற்றி வந்தார், எஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார், முகம் மலர்ந்து சட்டைப் பையிலிருந்து அட்வான்ஸை எடுத்தார்.

"தினம் பன்னெண்டு பொம்பளப் பிள்ளைங்க ஏறும் அண்ணாச்சி. அதான் எஞ்சினை இவ்வளவு பாக்கேன்" என்றார் மயில்சாமியிடம்.

மயில்சாமி வண்டியின் கடைசி சீட்டைப் பார்த்தார். போன வருஷம் வேறொரு வேனுக்கு இதே மருந்தை ஊற்றிக் கொடுத்தவர் அவர். தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையத்துக்கு முன்னால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் எஞ்சின் இறுகி நின்றது. பின்னால் வந்த லாரி மோதியது. கடைசி சீட்டில் இருந்த அபிராமி என்ற பெண்ணுக்கு ஒரு கால் போய்விட்டது. மெக்கானிக்கை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் ஒரு வருஷமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது.

"இதை வாங்காதீங்க."

அர்த்தநாரி திரும்பிப் பார்த்தார். மயில்சாமி நிறுத்தவில்லை. ஆயில் அளக்கும் கம்பியை உருவி, விரலில் தொட்டு, நூல் நூலாக இழுபடுவதைக் காட்டினார். காலையில் ஊற்றிய மருந்தைச் சொன்னார். புகை எத்தனை நாளில் திரும்பி வரும், எஞ்சின் எப்படி இறுகும், எல்லாவற்றையும் சொன்னார்.

"போன வருசம் இதைச் செஞ்சுதான் ஒரு பொண்ணோட காலை எடுத்தனுங்க. இன்னொருக்கா என்னால முடியாதுங்க."

அர்த்தநாரி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "இனி எங்க வண்டி ஒண்ணும் உன்ற பட்டறைக்கு வராது மயிலு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மயில்சாமி அப்படியே டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்தார். வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் ஒரு வருஷத்துக்குப் பிறகு மூச்சு நெஞ்சு வரைக்கும் போய் வந்தது.

சகாயராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஏழைப் பிள்ளைகள் உயிரோடு விளையாடுகிறவன் உருப்படுவானா என்று அர்த்தநாரியின் தலைமுறைக்கே சாபம் விட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று மயில்சாமியைக் கும்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். பட்டறை போனால் போகட்டும், ஒரு நல்ல மனுஷனைக் காப்பாற்றிவிட்டோம் என்று மயில்சாமிக்கே ஆறுதலாக இருந்தது.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சகாயராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மருந்து இன்னொரு டப்பா கிடைக்குமா அண்ணாச்சி? என் பழைய வேனும் இப்படித்தான் புகையுது. நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து விலைக்குப் பாக்க வாராங்க."