ஈஸ்டருக்குள் ஒருத்தி

“ஈஸ்டருக்குள்ள ஒரு பொண்ணாவது புதுசா சேரலைன்னா மடத்தை மூடணுமாம். ரோமிலிருந்து கடிதம் வந்துடுச்சு. போன்ல மெசேஜ் போட்டே பழகினியே அந்த நூர், அவ வருவாளாடி?” என்று கேட்டார் மதர் அதேல்.

“வருவா மதர். ‘கடவுளுக்காகவே வாழ்ந்துடலாம்னு உனக்குத் தோணலையா’ன்னு அவளே கேக்குறா!” என்றார் சிஸ்டர் வர்தே.

“நீ கன்னியாஸ்திரீன்னு சொல்லிட்டியா?”

“சொல்லுவேனா? புதுசா ஆள் சேக்குறது எப்படின்னு பெய்ரூத்ல எல்லா மடத்துக்கும் வகுப்பு எடுத்தாங்களே, முதல்ல சிநேகிதியா பழகுங்க, மடத்துப் பேச்சையே எடுக்காதீங்கன்னு.”

மறுநாள் வர்தே துறவு உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நரைத்த தலையில் பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு, ஸஹ்லே ஊரின் ஆற்றங்கரைக் காப்பிக் கடைக்குப் போனார். மடத்தில் சேருவதற்கான விண்ணப்பம் பைக்குள் தயாராக இருந்தது.

அடையாளத்துக்குப் பேசி வைத்த பாதாம் பூங்கொத்து ஒரு மேஜைமேல் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு எழுபது வயதிருக்கும்.

“நூர் வரலீங்களா?” என்று தயங்கினார் வர்தே.

“நான்தான் நூர். நீங்க வர்தேவோட அம்மாவா?”

“நான்தான் வர்தே.”

வர்தேவின் பையிலிருந்து எட்டிப் பார்த்த விண்ணப்பத்தைக் கண்டதும் நூரின் முகம் வாடிப்போயிற்று. தானும் பையிலிருந்து பாதி வெளியே எடுத்திருந்த தன் மடத்து விண்ணப்பத்தை மெதுவாக உள்ளே தள்ளினார்.

“எங்க மடத்துக்கும் ஈஸ்டர் வரைக்கும்தான் சிஸ்டர்” என்றார்.