இடுப்பு வலிக்காரர்கள்

"ஆறு பேருக்கும் ஒரே வாரத்துல இடுப்பு புடிச்சிக்கிச்சா?"

டாக்டர் எழுதிய லீவு சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டாள் லூயிசா. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த தங்கச் சுரங்கத் தொழிலாளிகள் கூரையைப் பார்த்தார்கள்.

"குளிரும்மா," என்றான் சின்னப்பா.

"மே மாசத்துலயா?"

மரியகுழந்தை சிரித்துவிட்டான். சின்னப்பா முழங்கையால் அவனை ஓர் இடி இடித்தான்.

லூயிசா சென்னையில் சமூகப் பணி படித்துவிட்டு வெல்ஃபேர் ஆபீசில் சேர்ந்தவள். மனசில் இருப்பதைக் கூட்டமாக உட்கார்ந்து பேசினால் பாரம் குறையும் என்பது அவள் படித்த வைத்தியம். வைத்தியம் என்றால் ஒருவனும் வரமாட்டான் என்று, "டீ தர்றோம், சும்மா பேசலாம் வாங்க" என்று கூப்பிட்டிருந்தாள். பேர் மட்டும் சொன்னால் போதும், என்ன வேலை என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். மேஸ்திரி எதிரில் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் கூலிக்காரன் வாய் திறப்பானா?

மூன்று செவ்வாய்க்கிழமைகள் டீ காலியானதுதான் மிச்சம். சின்னப்பாவுக்கு இனி லீவு மிச்சம் இல்லை. வருகிற திங்கட்கிழமை கேஜில், அந்த இரும்புக் கூண்டில், ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்காவிட்டால் 'லாயக்கில்லை' என்று எழுதிவிடுவார்கள். இருபது வருஷம் பாறை உடைத்தவன் அப்புறம் பங்களாத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான்.

ஏழாவது நாற்காலியில் தம்மபாலன் இருந்தார். மாரிகுப்பத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். அவர் சீட்டில் மட்டும் இடுப்பு இல்லை. கை நடுக்கம் என்று எழுதியிருந்தது. இதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், அன்று தானாகவே வாய் திறந்தார்.

"எனக்குப் பயம்மா."

மரியகுழந்தை டீ கிளாசை உதட்டிலிருந்து எடுத்தான்.

"எதுக்குப் பயம்ணா?" என்றாள் லூயிசா.

"கேஜுதான். அன்னிக்குப் பாறை வெடிச்சப்போ பாதி வழியில நின்னுது இல்ல? கண்ண மூடுனா அதான் தொங்குது."

சின்னப்பா நாற்காலியை அவர் பக்கம் இழுத்தான். அந்தக் கேஜில்தான் அவனும் இருந்தான். கீழே எங்கோ பாறை வெடித்து பூமியே குலுங்கியபோது, இருட்டில் இருபது பேர் கால் மணி நேரம் கயிற்றில் தொங்கினார்கள்.

"நீங்களும் அதுலயாண்ணா? இருட்டுல மூஞ்சி தெர்ல," என்றான் சின்னப்பா.

தம்மபாலன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கும் பயந்தாம்மா," என்று மரியகுழந்தை குபீரென்று சொன்னான். "இடுப்பு இரும்பு மாதிரி கீது. எம் பொண்டாட்டி ராபர்ட்சன்பேட்டை தைலம் வாங்கியாந்து தேய்க்கிறா. ஒரே கூச்சம். வலிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சிக்கறதுக்குள்ள உயிரு போவுது!"

சிரிப்பு அடங்குவதற்குள் ஆறு பேரின் இடுப்பும் குணமாகிவிட்டது. கடைசியாக ஒப்புக்கொண்டவன் சின்னப்பா.

"எல்லாம் கேஜை ஏத்தி எறக்குற அந்த என்ஜின்காரனாலதான்," என்றான் மரியகுழந்தை. "மேல சொகுசா குந்திக்கினு, பீடி பத்தவைக்க கேஜை நிறுத்திட்டான் போல."

தம்மபாலன் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"யோவ், வாய மூடு," என்று சின்னப்பா பாய்ந்தான். "கீழ வழி பூரா கல்லு விழுந்து கெடந்தது நீ பாக்கல? அந்தாளு நிறுத்தலேன்னா நாம நேரா அது மேலதான் போய் உக்காந்திருப்போம். கால் மணி நேரம், புடிச்ச புடிய வுடலியே! யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்."

தம்மபாலன் நிமிர்ந்தார். "நெசமாவா சொல்றீங்க?"

"பின்ன இன்னாண்ணா? நீங்க திங்கக்கிழமை மொத ஷிஃப்டுக்கு வாங்க. நான் ஏறுறேன். எம் பக்கத்துலயே நில்லுங்க."

சொன்ன பிறகுதான் சின்னப்பா நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நீங்க ஏறுறதா இருந்தா, நானும் வரேன்," என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை கேஜ் வாசலில் ஆறு பேரும் நின்றார்கள். தம்மபாலனைக் காணோம்.

"பெரியவரு கவுத்துட்டாருபா," என்றான் சின்னப்பா. வேர்த்துக் கொட்டியது.

"அப்ப நீயும் வூட்டுக்குப் போறியா? தைலம் மிச்சம் கீது, தரட்டுமா?" என்றான் மரியகுழந்தை.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சின்னப்பா ரோஷத்தோடு ஏறிக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மணி அடித்தது. கேஜ் இறங்கியது. துளிக் குலுக்கல் இல்லை. தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல் அவர்களைக் கீழே கொண்டுபோய் விட்டது.

"இன்னாபா இது, வெண்ணெ மாதிரி போவுது?" என்று அவன் கண்ணைத் திறந்தபோது, எல்லோரும் இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால், வெயிலில் லூயிசா நின்றிருந்தாள்.

"பாத்தீங்களாம்மா உங்க தம்மபாலண்ணன? என்னை ஏத்திவுட்டுட்டு அவரு வூட்டுலயே தங்கிட்டாரு. நாளைக்கு டீ குடிக்க வரட்டும், வச்சிக்கிறேன்!" என்றான் சின்னப்பா.

"அவர் உங்களுக்கு முந்தியே வந்துட்டாரே. இதை உங்ககிட்டச் சொல்லச் சொன்னதும் அவர்தான்," என்று லூயிசா தூரத்தில் தெரிந்த, கேஜை இயக்கும் என்ஜின் வீட்டைக் காட்டினாள். "ஒரு மாசமா லீவுல இருந்த மனுஷன், நீங்க ஏறுறேன்னு சொன்ன தைரியத்துலதான் இன்னிக்கு மறுபடியும் என்ஜின்ல கை வச்சார், காலையில உங்களைக் கீழே இறக்கினதும் அவர்தான், இப்ப மேலே ஏத்தினதும் அவர்தான்."