லாரிக்குப் பின்னால் ஒரு பாட்டில்

தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, செல்போனை முகத்துக்கு நேரே பிடித்தான் நிபால்டோ. சிலி நாட்டின் வால்பரைசோ மலையில் மூன்றாவது நாளாகக் காட்டுத்தீ.

"டாக்டர், மெதுவாப் பேசுங்க. எனக்கு ஆஸ்துமான்னு கேப்டன் வலெஸ்காவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். 'இருமுறவனெல்லாம் வீட்டுக்குப் போங்கடா'ன்னு காலையிலதான் கத்தினாங்க. சம்பளமில்லாத இந்தத் தொண்டர் தீயணைப்புப் படையில மாசாமாசம் நானே சந்தா கட்டி இருக்கேன், துரத்திட்டா மானம் போயிடும்!"

தலைநகர் சாந்தியாகோவில் இருந்த டாக்டர் யாஸ்னா திரையில் சிரித்தார். "சரிப்பா. இன்ஹேலரை அடி, பார்ப்போம்."

அடித்தான்.

"பாதி மருந்து வெளியே போயிடுச்சு. காலி தண்ணி பாட்டில் ஒண்ணு எடு. அடியில ஓட்டை போட்டு இன்ஹேலரைச் சொருகு. பாட்டில் வாய்ப்பக்கமா மெதுவா மூச்சை இழு."

லாரிச் சக்கரத்தின் பின்னால் துழாவினான். கிடைத்த பாட்டிலின் அடியில் ஏற்கெனவே ஓட்டை. அடுத்ததிலும் ஓட்டை. குனிந்து பார்த்தான். வரிசையாக ஒளித்து வைத்த ஏழு பாட்டில்கள். எல்லாவற்றிலும் இன்ஹேலர் நுழையும் அளவுக்கு ஓட்டை!

"டாக்டர், எங்க படையில இன்னும் யாருக்கெல்லாம்...?"

"அதை நான் சொல்ல மாட்டேன்ப்பா."

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, அவன் பிடித்திருந்த பாட்டிலைப் பிடுங்கியது. கேப்டன் வலெஸ்கா!

"அது என்னோடதுடா. உனக்கு வேற வெட்டிக்கோ" என்றார், நெஞ்சு விசிலடிக்க. "சீக்கிரம் பேசி முடி. அடுத்தது என் முறை!"