வெர்னா வீட்டு வாசலில் ஆறு மான்கள்

சிங்கி இறால் படகைத் துறையில் கட்டிவிட்டு மேடேறி வந்த ஆல்டனுக்கு, அந்தக் காட்சியைப் பார்த்ததும் கோபம் தலைக்கேறியது. பக்கத்து வீட்டு வாசல் புல்வெளியில் வயதான வெர்னா ஆப்பிள் துண்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"வெர்னா, உங்களுக்கே இது நல்லாயிருக்கா?"

"என்னது?" அவள் நிமிரவில்லை.

"போன மாசம் ஊர்க் கூட்டத்துல நீங்களும்தானே கை தூக்கினீங்க? மான் போனாத்தான் உண்ணி போகும், தீவுல ஒண்ணுகூட மிஞ்சக் கூடாதுன்னு முடிவாச்சு. இப்ப அதுங்களுக்கே விருந்தா? பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனா?"

வெர்னா இன்னொரு ஆப்பிளை நறுக்கினாள்.

அந்தச் சின்னத் தீவில் வீட்டுக்கு ஒருவரையாவது, மான் உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் பிடித்திருந்தது. ஆல்டனின் மகள் கெல்சிக்கு ஒன்பது வயது. தொடையில் வட்டமாகச் சிவந்ததைக் கொசுக்கடி என்று விட்டுவிட்டான். கசகசா அளவு உண்ணி கடித்தது யாருக்குத் தெரியும்? இப்போது முழங்கால் வீங்கி, மூன்று வாரமாக மாத்திரை விழுங்குகிறாள்.

"கெல்சி எப்படியிருக்கா?" என்றாள் வெர்னா.

"மான்கிட்ட கேளுங்க. மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கறா. டாக்டர் குணமாயிடும்னுதான் சொல்றார். மறுபடி ஒண்ணு கடிச்சா? தினம் சாயங்காலம் காதுக்குப் பின்னால, முட்டிக்குப் பின்னால தேடறோம். புல்லுல கால் வைக்காதேன்னு ஒரு குழந்தைகிட்ட எத்தனை நாள் சொல்றது?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஆல்டன் விடவில்லை.

"சுடறதுக்கு ஆள் வரவழைச்சு ரெண்டு வாரமாச்சு. காடெல்லாம் அலைஞ்சும் ரெண்டுதான் கிடைச்சுதாம். ஏன்னு இப்பத்தான் தெரியுது."

"மெதுவா பேசு, ஆல்டன். அதுங்க வர்ற நேரம்."

"வரட்டுமே. பேர் வெச்சு வளர்த்த பிள்ளைங்களாச்சே."

"ஆமா. ஆறும் என் கையில தின்னு வளர்ந்ததுதான்."

தற்செயலாக நிமிர்ந்தவன் கண்ணில் மாடி ஜன்னல் பட்டது. அது வெர்னாவின் படுக்கையறை. திரைக்குப் பின்னால், ஊர் வரவழைத்த அதே ஆள் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான்.

ஆல்டன் குரலைத் தாழ்த்தினான்.

"நீங்களா கூப்பிட்டீங்க?"

"காட்டுல துரத்திச் சுட்டா எங்கயாவது பட்டு, நாலு நாள் துடிச்சுச் சாகும். இங்கன்னா பயமில்லாம தலையைக் குனிஞ்சு திங்கும். ஒரே குண்டு. அதுங்களுக்கே தெரியாது."

மனிதருக்குள் இப்படியும் ஒரு நெஞ்சு இருக்குமா என்று மலைத்து நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு அருகில் வந்தான்.

"நீங்க உள்ள போங்க. பார்க்க வேணாம். ஆப்பிளை நான் போடறேன்."

"வேணாம்பா. நான் நின்னாத்தான் நம்பி வரும்" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, காட்டைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடத் தொடங்கினாள்.