எட்டு டிகிரி சாய்வு

“இது டைட்டானியம் ஸ்க்ரூ. எலும்புக்குள்ள வச்சு மூணு மாசம் விட்டா, எலும்பு அதைச் சுத்தி வளர்ந்து கெட்டியாப் பிடிச்சுக்கும். அதுக்கு மேலதான் செராமிக் பல்லை மாட்டுவோம். அப்புறம் ஆயுசுக்கும் அசையாது.”

சொல்லி முடித்ததும் டாக்டரம்மாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தினம் பத்துப் பேருக்கு ஒப்பிக்கிற பாடம், நேரம் காலம் தெரியாமல் வாயில் வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களுக்கும் பல்வலி இல்லை.

மூத்தவள் அண்ணனின் மனைவி, இளையவள் தம்பியின் மனைவி. முந்தாநாள் காலை அண்ணனும் தம்பியும் வேலை பார்த்த தொழிற்சாலையில் பாய்லர் வெடித்தது. ஒருவர் பிணவறையில் கிடந்தார். இன்னொருவர் ஆஸ்பத்திரியில், தலை முதல் கால் வரை கட்டோடு, வாயில் குழாயோடு, நினைவில்லாமல் கிடந்தார். பிழைத்துக்கொள்வார் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

பிழைத்தது யார் என்பதுதான் தெரியவில்லை. ஒரே உயரம், ஒரே ஜாடை, ஒரே நீலச் சீருடை. பெற்றவளே வந்து நின்றாலும் அடையாளம் சொல்ல முடியாதபடி தீ தன் வேலையைக் காட்டியிருந்தது.

மரபணுப் பரிசோதனை முடிவு வரப் பத்து நாள் ஆகுமாம். பத்து நாள் யாரால் தாங்க முடியும்? கம்பெனி செலவில் வைத்தியம் பார்க்க அண்ணனுக்குக் கொடுத்திருந்த மெடிக்கல் கார்டில் இந்தக் கிளினிக்கின் பெயரைப் பார்த்த போலீஸ், இறந்தவரின் தாடையை ஸ்கேன் எடுத்து இங்கே அனுப்பியிருந்தது. தம்பி காண்ட்ராக்ட் ஆள். அவருக்குக் கார்டும் இல்லை, இங்கே ஃபைலும் இல்லை.

அந்தக் கார்டோடு வந்து பல் கட்டிக்கொண்டு போன மனிதரை டாக்டரம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. “உங்க ட்ரில்லுக்கு எங்க மிஷினே தேவலாம் டாக்டர்” என்று வாயில் பஞ்சோடு சிரிக்கவைத்தவர். ஒரே ஒரு குறை. வரவேற்பில் இருக்கும் பெண் மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். ஆலைச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று இவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

“அந்த ஸ்க்ரூ நெருப்புல உருகிடாதா டாக்டர்?” இளையவள்தான் கேட்டாள்.

“உருகாதும்மா. அதைவிட எவ்வளவோ சூடு தாங்கும்.”

“இதே மாதிரி ஸ்க்ரூ வேற யாருக்கும் இருக்காதா? எத்தனையோ பேர் வச்சுக்கறாங்களே?”

மூத்தவள் கைப்பையின் வாரை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள். ஓரகத்திக்காக இந்தச் சின்னவள் இப்படி மல்லுக்கு நிற்கிறாளே என்று டாக்டரம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. கூடப்பிறந்தவள்கூட இந்தக் காலத்தில் இவ்வளவு செய்வாளா?

“ஸ்க்ரூ ஒரே மாதிரி இருக்கலாம்மா. வச்ச விதம் இருக்காது.” கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். “இது அப்போ எடுத்த ஸ்கேன். கீழ்த்தாடையில இதோ, ஒரு நரம்பு ஓடுது பாருங்க. அதுல பட்டா உதடு மரத்துப்போயிடும். அதனால கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, எட்டு டிகிரி சாய்ச்சு வச்சேன். அந்தச் சாய்வு அவருக்கு மட்டும்தான்.”

“அப்போ… அங்கேருந்து வந்த ஸ்கேன்ல?” இளையவள் திரையை நோக்கிக் குனிந்தாள். “வேற மாதிரிதானே இருக்கு? நல்லாப் பாருங்க டாக்டர்.”

டாக்டரம்மா இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக நகர்த்தினார். ஃபைலில் இருந்தது நீலம், பிணவறையிலிருந்து வந்தது சிவப்பு. ஸ்க்ரூவின் மேல் ஸ்க்ரூ கச்சிதமாக உட்கார்ந்தது. எங்கேயாவது விலகித் தொலையாதா என்று பெரிதாக்கிப் பார்த்தார். மயிரிழைகூட விலகவில்லை. தன் கைவேலை இத்தனை சுத்தமாக இருக்கிறதே என்று இருபது வருஷத்தில் அன்றுதான் வயிறெரிந்தார்.

வெளியே போலீஸ்காரர் அறிக்கைக்காகக் காத்திருந்தார். அதற்கு முன்னால் வீட்டுக்காரிக்குச் சொல்லியாக வேண்டும். டாக்டரம்மா எழுந்து வந்து மூத்தவளின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மனசைத் தேத்திக்கணும்மா. ரெண்டும் ஒண்ணுதான். சந்தேகமே இல்ல. போனது உங்க வீட்டுக்காரர்தான்.”

மூத்தவள் அழவில்லை. பின்னால் நாற்காலி சரிகிற சத்தம் கேட்டது. இளையவள் தரையில் கிடந்தாள்.

மூத்தவள் கையை உதறிக்கொண்டு பாய்ந்தாள். ஓரகத்தியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “ஐயோ கண்ணு, என்னைப் பாருடி, என்னைப் பாரு” என்று கன்னத்தைத் தட்டினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை பீறிட்டது.

“யாராவது தண்ணி கொண்டாங்க!” என்று வெளியே பார்த்துக் கத்தினார் டாக்டரம்மா. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னம்மா இது? நீங்களே தாங்கிக்கிட்டீங்க, இவங்க இப்படி விழுந்துட்டாங்களே!”

மூத்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கார்டுதான் டாக்டர் எங்க வீட்டுக்காரரோடது. பல்லு கட்டிக்கிட்டது இவ புருஷன்.”